சத்தம் பிறக்கும் இடம் தெரியும்வரை கை வைக்காதீர்கள்

தமிழ்நாட்டின் கார் பட்டறை உரிமையாளர்களுக்கும், மெக்கானிக், டிங்கர், பெயின்டர் தோழர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

"எண்பதுக்கு மேல போனா டிரைவர் பக்கம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது, கொஞ்சம் பாருங்க." இந்த ஒரு வரியோடு உங்கள் வாசலில் வந்து நிற்கும் வண்டிகளைப் பற்றித்தான் இந்த மடல். எஞ்சினில் தட்டல் கேட்டால் பட்டறையிலேயே ஸ்டார்ட் செய்து காது கொடுக்கலாம். பிரேக் கிறீச்சிட்டால் தெருமுனை வரை ஓட்டினால் போதும். காற்றிரைச்சல் மட்டும் உங்கள் இடத்தில் வாயே திறக்காது. வண்டி நிற்கும்போது அந்தக் கோளாறு இல்லை. நாற்பதில் ஓடும்போது டயரும் எஞ்சினும் அதை மூடிவிடுகின்றன. அதனால் வாடிக்கையாளர் சொன்னதை நேரில் கேட்காமலேயே வேலை தொடங்கிவிடுகிறது. கைக்கு எட்டுவது எதுவோ அதுவே மருந்தாகிறது: ஒரு டியூப் சிலிக்கான், இல்லையென்றால் நாலு கதவுக்கும் புது ரப்பர், அதுவும் இல்லையென்றால் கதவுக்குள் டேம்பிங் ஷீட். மூன்றும் பயனுள்ள பொருள்கள்தான், மூன்றுக்கும் உரிய இடமும் உண்டு. சத்தம் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் அவற்றில் எதையும் தொடக்கூடாது என்பதுதான் நான் உங்கள்முன் வைக்கும் வாதம். தெரிந்துகொள்ளும் வழி கடினமானதல்ல, செலவு பிடிப்பதும் அல்ல. பெயின்டர் கையில் எப்போதும் இருக்கும் மாஸ்கிங் டேப்பே அதற்குப் போதும்.

இந்தப் புகார் வரவர ஏன் கூடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாலுவழிச் சாலைகள் வந்தபின் நூறில் ஒரே சீராக மணிக்கணக்கில் ஓட்டுவது சாதாரணக் குடும்பத்துக்கும் வழக்கமாகிவிட்டது. காற்றின் சத்தமோ வேகத்தோடு சமமாக ஏறுவதில்லை, தாவி ஏறுகிறது. கொந்தளிக்கும் காற்று எப்படி ஒலியாகிறது என்பதற்கு 1952-இல் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் கணக்கு வகுத்தார். அந்தக் காற்று ஒரு திடப்பரப்பின்மேல் மோதும்போது என்னவாகும் என்பதை 1955-இல் கர்ல் என்ற ஆய்வாளர் சேர்த்தார். அந்தக் கணக்கின்படி, கண்ணாடியிலும் மிரரிலும் காற்று மோதிப் பிறக்கும் ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் படியாக வளர்கிறது. இடுக்கு வழியே காற்று துடித்துத் துடித்துப் பாய்வதால் பிறக்கும் ஒலி ஏறக்குறைய நான்காம் படியாக வளர்கிறது. ஆறாம் படி என்றால், 80-லிருந்து 100-க்குப் போகும்போது ஒலியாற்றல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, அதாவது சுமார் 6 டெசிபெல் கூடும். 50-லிருந்து 100-க்குப் போனால் 18 டெசிபெல். டயர் சத்தம் அதே இடைவெளியில் சுமார் 10 டெசிபெல் அளவுக்கே ஏறும். நகருக்குள் ஒளிந்திருக்கும் இரைச்சல் நெடுஞ்சாலையில் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொள்வது இதனால்தான். மின்சாரக் கார்களில் எஞ்சின் என்ற திரையும் இல்லை. அவற்றில் முன்பு காதில் விழாத சின்ன ஊசிச் சத்தம்கூடத் துருத்திக்கொண்டு தெரிகிறது. இன்னும் சில ஆண்டுகளில் எஞ்சின் புகார்கள் குறைந்து, இப்படிப்பட்ட புகார்களே உங்கள் வாசலுக்கு மிகுதியாக வரும் என்று நினைக்கிறேன்.

காற்றிரைச்சல் என்று நாம் ஒரே பெயரால் சொல்வது இரண்டு வேறு கோளாறுகள். ஒன்று கசிவு: ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே, கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே காற்றுக்கு வழி கிடைப்பது. இன்னொன்று வடிவம்: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றை உரசிக்கொண்டு காற்று சுழல்வது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. வடிவத்தால் வரும் சத்தத்துக்கு எத்தனை ரப்பர் மாற்றினாலும் பயனில்லை. கசிவால் வரும் சத்தத்துக்குக் கூரைக் கேரியரைக் கழற்றிப் பயனில்லை. ஆகவே பழுதுபார்க்கும் முன் விடை காண வேண்டிய முதல் கேள்வி, இது கசிவா வடிவமா என்பதே.

கசிவைச் சிறிது என்று அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒலியைத் தடுக்கும் சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால் மொத்தத் தடுப்பும் 30 டெசிபெலைத் தாண்டாது. நூற்றில் ஒரு பங்கு ஓட்டை என்றால் 20 டெசிபெல்தான். முன்கதவுக் கண்ணாடியும் சட்டமும் சேர்ந்து அரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 5,000 சதுர சென்டிமீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 5 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் அரை மீட்டர் நீளத்துக்கு ரப்பர் ஒட்டாமல் நின்றாலே அந்த அளவு வந்துவிடும். நாலு மில்லிமீட்டர்க் கண்ணாடி தருகிற தடுப்பும் ஏறத்தாழ 30 டெசிபெல்தான். அதாவது, விரல்நகம்கூட நுழையாத அந்த இடுக்கு, முழுக் கண்ணாடி உள்ளே விடுகிற அளவு சத்தத்தைத் தானும் விடுகிறது. அதோடு அது காதுக்கு மிக அருகில், காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஒட்டி உஸ்ஸென்று பேசுகிறது. வாடிக்கையாளர் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்க வேண்டாம்.

"தண்ணி அடிச்சுப் பார்த்தோம், ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கல, ரப்பர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதுண்டு. இந்தச் சோதனை பொய்யல்ல, ஆனால் அது நிற்கும் வண்டிக்கான சோதனை. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 460 நியூட்டன். முன்தூணைச் சுற்றி வளைந்து ஓடும் காற்று கதவின் மேல்பகுதியில் அதே அளவு உறிஞ்சலை உண்டாக்கக் கூடும். அரைச் சதுர மீட்டருக்கு அதைப் பெருக்கினால் ஏறக்குறைய 23 கிலோ எடை கதவின் மேல்சட்டத்தை வெளியே பிடித்து இழுப்பதற்குச் சமம். உள்ளே புளோயர் ஓடிக் கேபினின் அழுத்தம் கூடியிருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளும். சட்டம் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் விலகும். புது ரப்பருக்கு அந்த அளவுக்குப் பின்தொடரும் உப்பல் இருக்கும். வெயிலில் பல ஆண்டு அமுங்கிக் கிடந்து இறுகிய ரப்பருக்கு அது இருக்காது. பட்டறையில் ஒட்டியிருக்கும் ரப்பர் நூறில் ஒட்டாமல் நிற்கிறது, வேகம் குறைந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் சோதனையில் தேறிய கதவு நெடுஞ்சாலையில் கத்துவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

வடிவத்தால் வரும் சத்தத்துக்கும் தன் அடையாளம் உண்டு. ஒரு கம்பியைக் கடந்து போகும் காற்று இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். அதன் சுருதி காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது என்பதை 1878-லேயே இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் அளந்து காட்டினார். வேகத்தைத் தடிமனால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் சுருதி கிடைக்கும். 5 மில்லிமீட்டர் ஏரியல் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 1,100 ஹெர்ட்ஸில் ஊதும், நல்ல கீச்சுக் குரல். 30 மில்லிமீட்டர் கேரியர் கம்பி சுமார் 185 ஹெர்ட்ஸில் உறுமும். பல கார்களின் ஏரியலில் ஒரு திருகுக் கம்பி சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு வைத்ததல்ல. உதிரும் சுழல்கள் கம்பியின் முழு நீளத்துக்கும் ஒன்றுசேர்ந்து ஊதாமல் கலைத்துவிடுவதற்கு வைத்தது. ஏரியல் உடைந்து, மாற்று வாங்கும்போது மொட்டைக் கம்பியாக வாங்கிப் போட்டால் விசில் வருவது இயல்பு. வேகம் கூடக்கூடச் சுருதியும் ஏறினால் அது கம்பி, விளிம்பு போன்ற ஒன்றின் வேலை என்று சந்தேகிக்கலாம். சுருதி இல்லாமல் உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் பெருகினால் கசிவை முதலில் சந்தேகிக்கலாம். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். இடுக்குகளும் சிலசமயம் விசிலடிக்கும். பின்கதவுக் கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கினால் காதை அழுத்திக்கொண்டு படபடவென அடிப்பது மூன்றாவது வகை, காலி பாட்டிலின் வாயில் ஊதுவது போன்றது. இன்னொரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் நின்றுவிடும். அதற்குப் பழுதுபார்க்க ஒன்றும் இல்லை.

அனுபவமுள்ள காது இடத்தைச் சொல்லிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சின் விஷயத்தில் உங்கள் காதுக்கு நிகர் ஏதுமில்லை என்பதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் மூடிய கேபினுக்குள் அதே காதுக்கு நியாயமான வாய்ப்புக் கிடைப்பதில்லை. நாலு பக்கமும் கண்ணாடி, எல்லாப் பக்கமும் எதிரொலி. ரப்பரின் உள்ளும் தூணின் உள்ளும் ஓடும் குழல்கள் வழியாகக் காற்று ஓரிடத்தில் நுழைந்து வேறிடத்தில் வெளிப்படும். மிரரின் அடியில் நுழைந்தது சீட்பெல்ட் தூண் அருகே கேட்கும். முன்தூண் மூலையில் நுழைந்தது கதவுச் சட்டத்தின் நீளத்துக்கு ஓடித் தலைக்குப் பின்னால் வந்து பேசும். போனில் டெசிபெல் காட்டும் செயலியையும் நம்ப வேண்டாம். கேபினின் மொத்த அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் கீழ்ச்சுருதி உறுமல். வாடிக்கையாளரை வதைக்கும் மெல்லிய உஸ் நின்றாலும் நின்றதாக அந்த எண் காட்டாமல் போகலாம்.

எனவேதான் டேப். முன்தூண் ஓரம், கதவுகளின் சுற்று இடுக்கு முழுவதும், மிரர் உட்காரும் அடிப்பகுதி, கண்ணாடியின் வெளிப் பீடிங், முன்கண்ணாடியின் மோல்டிங், வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியின் ஓரம், பானெட் இடுக்கு என்று சந்தேகம் விழும் இடம் எல்லாவற்றையும் வெளியிலிருந்து ஒட்டிவிடுங்கள். சாலையில் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் அது கசிவு அல்லது இடுக்கு. அப்படியே இருந்தால் அது வடிவம், அல்லது காற்றே இல்லை, டயரோ வீல் பேரிங்கோ. அடுத்து ஒவ்வொரு துண்டாக உரித்து ஓட்டுங்கள். எந்தத் துண்டை உரித்ததும் சத்தம் திரும்புகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு. இது வசதியில்லாத பட்டறைக்கான குறுக்குவழி என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். பெருநிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய ஒலியடக்கிய காற்றுச் சுரங்கங்களிலும் பொறியாளர்கள் செய்வது இதையேதான். எல்லா இடுக்கையும் டேப்பால் அடைத்து ஓர் அளவு எடுப்பார்கள், பிறகு ஒவ்வொன்றாக உரித்து, எந்த இடுக்கின் பங்கு எவ்வளவு என்று கழித்துக் கண்டுபிடிப்பார்கள். அவர்களிடம் இருக்கும் மைக்ரோஃபோன் வரிசைகளுக்குப் பின்னாலும் அடிப்படை முறை டேப்தான்.

இதைச் செய்வதில் சில கட்டுப்பாடுகள் உண்டு, அவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஓட்டுபவர் ஓட்ட மட்டும் வேண்டும், கேட்பதற்கு வேறொருவர் வேண்டும். வேக வரம்புக்குள்ளேயே போதிய சத்தம் கேட்கும், அதைத் தாண்டத் தேவையே இல்லை. விளக்குகள், நம்பர் பிளேட், ஓட்டுநரின் பார்வை மறைக்கப்படக் கூடாது. ஓட்டுநர் கதவை வெளியிலிருந்து ஒட்டினால் ஆபத்தில் திறக்க முடிகிறதா என்று ஒருமுறை தள்ளிப் பாருங்கள். சாதாரண மாஸ்கிங் டேப் கிழிந்துகொடுக்கும், பேக்கிங் டேப் கொடுக்காது, பெயின்டையும் பிடுங்கும். ஒவ்வொரு ஓட்டமும் அதே சாலை, அதே வேகம், அதே டயர் காற்று, புளோயர் அதே நிலை. காற்றின் திசையையும் கவனியுங்கள், நம் ஊரில் இது சின்ன விஷயமல்ல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, அங்கே காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். 80-இல் ஓடும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் காற்றின் கணக்கில் அது 110, திரும்பி வரும்போது 50. ஆறாம் படிக் கணக்கில் இரண்டுக்கும் நடுவே 20 டெசிபெல் வித்தியாசம். போகும்போது டேப்புடன் கேட்டு, வரும்போது டேப் இல்லாமல் கேட்டால் தலைகீழான முடிவு கிடைக்கும். ஒவ்வொரு சோதனையும் இருதிசையிலும் நடக்க வேண்டும். பக்கக்காற்று ஒரு பக்கக் கதவை மட்டும் பேசவைக்கும் என்பதால் எந்தப் பக்கம் எப்போது பேசியது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

டேப் சுட்டிய இடத்தை உறுதிசெய்யப் பட்டறைக்குள்ளேயே வழிகள் இருக்கின்றன. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று எடுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் வைத்தால் கேபினுக்குள் அழுத்தம் கூடும். பின்பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்றுப்போக்கிகளைத் தற்காலிகமாக அடைத்தால் இன்னும் கூடும். வெளியே ஊதுபத்தி ஒன்றைப் பிடித்து ரப்பர் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள், கசியும் இடத்தில் புகை சட்டென்று விலகும். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து மறுமுனையை இடுக்கின்மேல் நகர்த்தினாலும் சீறல் கேட்கும். ரப்பரில் முகப்பவுடர் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தால் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று தகட்டில் அச்சாகத் தெரியும். ஒரு துண்டுத் தாளைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடம்தான் நூறில் திறந்துகொள்ளும் இடம்.

இனி சிலிக்கானுக்கு வருகிறேன். "பூசினோம், நின்னுடுச்சு" என்ற உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. இடம் சரியாக அமைந்தால் நிற்கும். ஆனால் இடம் தெரியாமல் சுற்றிலும் பூசினால் மூன்று தீமைகள் பின்னால் வருகின்றன. கட்டட வேலைக்கு விற்கும், காடி வாடை வீசும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. பெயின்ட் உரிந்த இடத்தில் அது துருவுக்கு அழைப்பு. கதவின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் துளைகள் அடைபட்டால் மழைநீர் உள்ளே தேங்கிக் கதவு அடியிலிருந்து அரிக்கும். மூன்றாவது பெயின்டர் தோழர்களுக்கு நன்றாகவே தெரியும்: சிலிக்கான் பட்ட தகட்டில் பிறகு பெயின்ட் நிற்காது, குழிகுழியாக ஃபிஷ் ஐ விழும், எத்தனை துடைத்தாலும் தலைவலி. இன்றைய அவசரத்துக்கு ஒரு தோழர் பூசியது இன்னொரு தோழரின் நாளைய வேலையைக் கெடுக்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. சத்தம் தடயம். காற்று வரும் வழியில்தான் தூசும் மழைநீரும் வரும், கார்ப்பெட்டின் அடியில் ஈரம் தங்கித் தரைத்தகடு அரிக்கும். முன்கண்ணாடி மாற்றிய பிறகு புதிதாக விசில் கேட்டால் மோல்டிங் மட்டும் எழும்பியிருக்கலாம். யூரித்தேன் பசை ஓரிடத்தில் ஒட்டாமலும் போயிருக்கலாம். பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் சாய்ந்துதான் தன் இடத்தில் நிற்கிறது. கூரையின் வலுவிலும் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. பசையின் இடைவெளியை மேலிருந்து சிலிக்கானால் மூடினால் விசில் நிற்கும், ஒட்டாத பசை ஒட்டாமலே இருக்கும். அந்த விசில் கடைசி எச்சரிக்கையாக இருந்திருக்கக் கூடும். அதன் வாயை அடைக்கும் முன் அது என்ன சொல்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

டேம்பிங் ஷீட்டுக்கு இப்போது நல்ல விற்பனை. தகடு அதிர்ந்து உறுமும் கீழ்ச்சுருதிக்கு அது நல்ல மருந்து. கதவுத் தகட்டைத் தட்டினால் தகரம்போல் ஒலிப்பது மாறி 'தொப்' என்று கேட்கும், கதவு சாத்தும் ஒலியும் கனமாகும், வாடிக்கையாளருக்கு மனம் நிறையும். ஆனால் மேற்சட்டத்தின் ஒரு மில்லிமீட்டர் இடுக்கு வழியே வரும் உஸ்ஸுக்கும் கதவின் அடிவயிற்றில் ஒட்டிய ஷீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மேலே சொன்ன ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு இங்கேயும் பொருந்தும்: ஓட்டை இருக்கும்வரை சுவரைத் தடிமனாக்கிப் பலன் இல்லை. ஷீட் ஒட்டுவதற்காகக் கதவின் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எடுத்து, திரும்ப ஒழுங்காக ஒட்டாமல் டோர் பேடை மாட்டினால் புதிதாக ஒரு வழி திறந்ததுதான் மிச்சம். ஸ்பீக்கர் மாற்றிய வண்டிகளிலும் இதே கதை. மூடி மறைக்காமல் ஊற்றைத் தேடியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1989-இல் வந்த லெக்ஸஸ் எல்.எஸ். 400 காரின் தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி 100 கிலோமீட்டர் வேகத்தில் கேபினுக்குள் 58 டெசிபெல் என்ற இலக்கை வைத்தார். ஒலியடக்கும் பொருளை அள்ளி அடைத்தால் எடை கூடும், எரிபொருள் இலக்கு கெடும். ஆகவே ஒவ்வொரு சத்தத்தையும் அது பிறக்கும் ஊற்றிலேயே சரிசெய்ய வேண்டும் என்பதை அவர் தம் குழுவுக்குக் கொள்கையாக வைத்தார். பணத்துக்குக் குறைவில்லாத ஒரு திட்டத்திலேயே மூடி மறைப்பதைவிட ஊற்றை அடைப்பது மேலென்று முடிவானது என்றால், நடுத்தரக் குடும்பத்தின் வண்டிக்கு அது இன்னும் எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் தரப்பின் வலுவான மறுப்பு நேரத்தைப் பற்றியது. "டேப்பை ஒட்டி, உரிச்சு, நாலு தடவை ஹைவேக்குப் போய்வர அரை நாள் ஆகும், அதுக்கு யார் கூலி தர்றது? ரப்பர் மாத்தினா பில் போடலாம், தேடினதுக்கு எப்படிப் பில் போடறது?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பொருளுக்குப் பணம் தருகிற நாங்கள், கண்டுபிடிப்புக்குப் பணம் தரத் தயங்குகிறோம். தவறு வாடிக்கையாளர்களாகிய எங்கள் பக்கம்தான். ஆனால் மாற்றத்தை நீங்கள் தொடங்க முடியும். ஸ்கேன் எடுக்கக் கட்டணம் உண்டு, மருந்துக்குத் தனிக் கட்டணம் என்பதை ஊரே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வண்டியை எடுக்கும்போதே, தேடும் கட்டணம் இவ்வளவு, கண்டுபிடித்தபின் வேலைக்கு இவ்வளவு, கண்டுபிடிக்க முடியாவிட்டால் இன்னது என்று எழுதிச் சொல்லுங்கள். நாலு கதவுக்கும் ரப்பர் மாற்றி, சத்தம் நிற்காமல் வண்டி திரும்பி வந்து, இலவசமாக இரண்டாம் முறை பார்த்து, கடைசியில் அது கேரியரின் கம்பி என்று தெரியவரும்போது போகிற நேரத்தையும் பெயரையும் அந்த அரை நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"இந்த விலை வண்டி இப்படித்தான் இருக்கும்" என்பது இன்னொரு பதில். சிலசமயம் அது உண்மையும்கூட. மெல்லிய கண்ணாடி வழியாக வரும் இரைச்சலை எந்த ரப்பரும் நிறுத்தாது. நாலு மில்லிமீட்டர்க் கண்ணாடியின் தடுப்பு 3,000 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே தளர்ந்துவிடும், விலை கூடிய கார்களில் நடுவில் மென்படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி போடுவது அதற்காகத்தான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை சோதித்த பிறகே வருகிறது. எல்லா இடுக்கையும் டேப்பால் அடைத்தும் சத்தம் மாறவில்லை, வெளியே நீட்டிய எதுவும் காரணமில்லை, அதே மாடலின் இன்னொரு வண்டியிலும் அதே அளவு கேட்கிறது என்றால், தைரியமாகச் சொல்லுங்கள்: இது வண்டியின் சுபாவம், இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள் என்று. நேற்றுவரை இல்லாத சத்தம் இன்று வந்திருந்தால் அது சுபாவமாக இருக்க முடியாது. கதவில் மாட்டிய மழை வைசர், கூரைக் கேரியர், ஆக்சிடென்ட் வேலைக்குப் பிறகு அடி கேஸ்கெட் இல்லாமல் மாட்டிய மிரர், க்ளிப் உடைந்து தூக்கி நிற்கும் வைப்பர் மூடி என்று வண்டிக்கு அண்மையில் என்ன நடந்தது என்ற விசாரணையே பாதிப் பதிலைத் தந்துவிடும்.

ஒன்றைச் சரியாக அடைத்தபிறகும் சத்தம் அப்படியே இருப்பதுபோல் தோன்றினால் மனம் தளர வேண்டாம், செய்ததைப் பிரித்தும் விடாதீர்கள். சம அளவில் இரண்டு இடங்கள் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றை முழுதாக நிறுத்தினாலும் குறைவது 3 டெசிபெல்தான், காதுக்கு அது மிகச் சிறிய மாற்றம். முதலாவது நின்றதால்தான் இரண்டாவது தனியாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஒவ்வொன்றாக உரிப்பது, ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பதைவிட மேலானது என்பதற்கும் இதுவே காரணம்.

இடம் தெரிந்துவிட்டால் வேலை பெரும்பாலும் சின்னதுதான், உங்கள் கைக்குப் பழகியதும்கூட. ஸ்ட்ரைக்கரைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் உள்ளே நகர்த்துங்கள். கதவைச் சாத்த ஓங்கி அடிக்க வேண்டியதாகிவிட்டால் கூடிவிட்டது என்று பொருள், லாக்குக்கும் கேடு. டிங்கர் தோழர்கள் கதவை நிறுத்தும்போது, பின்கதவின் முன்விளிம்பு முன்கதவின் பின்விளிம்பைவிட மயிரிழையும் வெளியே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால் ஓடிவரும் காற்று அந்த விளிம்பில் போய் இடிக்கும். மேல்சட்டம் விரிந்திருந்தால் ரப்பரை மாற்றாமல் சட்டத்தை மெல்ல உள்ளே அழுத்தி, ஒவ்வோர் அழுத்தலுக்கும் தாளை வைத்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் ஓரிடத்தில் மட்டும் உப்பல் இழந்திருந்தால் அந்த நீளத்துக்கு உள்குழலில் மெல்லிய ஃபோம் கயிறு செலுத்தினாலே எழும்பிவிடும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங் மூலைகளில் மடிந்து சுருங்கும் என்பதை நினைவில் வையுங்கள், கம்பெனி ரப்பரில் மூலைகள் அச்சிலேயே வளைத்து வார்க்கப்பட்டிருக்கும். கதவு ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். வகை. அது வெயிலையும் மழையையும் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது. பளபளப்புக்காக டீசலோ எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவினால் ஊறி உப்பித் தளர்ந்துவிடும். சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும், அதையும் பெயின்ட் வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளியே செய்யுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வண்டியைத் திருப்பித் தரும்போது ஜாப் கார்டில் ஒரு வரி எழுதுங்கள்: எந்த வண்டி, எந்த வேகத்தில் கேட்டது, எந்தத் துண்டு டேப்பை உரித்ததும் சத்தம் திரும்பியது. அதன் நகல் ஒன்றைப் பட்டறையிலும் வையுங்கள். ஒரே மாடலில் பத்து வண்டி பார்த்தபின் அந்த வரிகளைச் சேர்த்துப் படித்தால், பதினோராவது வண்டிக்கு முதல் துண்டை எங்கே ஒட்டுவது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கும் அந்த நோட்டைப் படிக்கக் கொடுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒரு வாடிக்கையாளர்